அம்மாவை உட்கார வைத்தேன்

அம்மாவின் இடது காலில், உள்பக்கக் கணுவுக்குச் சற்று மேலே, ஒரு புண் பதினொரு வருடம் குடியிருந்தது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒரே அறைக் காம்பராவில் ஐந்து பேர் இருந்தோம். புண்ணையும் சேர்த்தால் ஆறு பேர் என்று அப்பா கேலி செய்வார். அப்பா இறந்தார், அண்ணன்மார் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார்கள், காம்பராவில் நானும் அம்மாவும் புண்ணும் மிஞ்சினோம்.

அது ஓர் அட்டைக்கடியில் தொடங்கியது. மலையில் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு அட்டை கடிப்பது சாப்பாட்டில் உப்பு இருப்பதைப் போல சாதாரணம். மற்றவர்களுக்கு இரண்டு நாளில் ஆறிவிடும். அம்மாவுக்கு ஆறவில்லை. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அவளுடைய கெண்டைக்காலில் நரம்புகள் புடைத்து, மண்புழு சுருண்டு கிடப்பதைப் போலத் தெரியும். கணுவைச் சுற்றித் தோல் கறுத்து, கடினமாகி இருக்கும். கூடை சுமக்கிற பொம்பிளைக்குக் கால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம், அம்மா உட்பட.

தோட்டத்து மருந்துக் காம்பராவுக்கு ஒரு சன்னல் உண்டு. நோயாளி வெளியே நிற்க வேண்டும், மருந்துக்காரய்யா உள்ளே இருப்பார். அம்மா படிக்கல்லில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பாள். அவருடைய உதவியாள் வெளியே வந்து ஊதா மருந்தைத் தடவி, துணியைச் சுற்றிவிடுவாள். வீட்டுக்கு வந்து அம்மா சொல்வாள்:

"கால ஒசத்தி வச்சிக்கிட்டுப் படுன்னு அய்யா சொல்றாரு. நான் படுத்தா மலைக்கு யாரு போறது, அவரு பொஞ்சாதியா?"

புண்ணுக்கு ஒரு வாடை இருந்தது. அதை நான் எழுதத்தான் வேண்டும். மழைக்காலத்தில் துணி நனைந்துவிட்டால் காம்பரா முழுக்க அந்த வாடைதான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரிசு கொடுத்த நாளன்று, "நீ வராத, வெயில்ல நிக்க முடியாது" என்று அம்மாவிடம் சொன்னேன். அன்று வெயிலே இல்லை. வட்டகொடைப் பக்கம் அந்த மாதத்தில் எப்போது வெயில் அடித்திருக்கிறது? அம்மா சரி என்றாள். திரும்பி வந்தபோது பரிசுப் புத்தகத்தைக் கையில் வாங்கி, முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஆசிரியை நியமனம் கிடைத்தது. எங்கள் லயத்திலிருந்து அரசாங்கச் சம்பளத்துக்குப் போன முதல் பெண் நான்தான். என் தலை அப்போது எவ்வளவு கனத்திருந்தது என்பதை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, மேட்டில், இரண்டு அறையும் ஒரு விறாந்தையுமாக வீடொன்றை வாடகைக்குப் பிடித்தேன். அம்மாவிடம், "நாளையிலிருந்து நீ வேலைக்கு, பெரட்டுக்குப் போகத் தேவையில்ல" என்றேன். நான் எதிர்பார்த்த அளவுக்கு அவள் சந்தோஷப்படவில்லை. கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "யாருக்குக் குடுக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்து கால். பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் இதற்கு ஆபரேஷன் செய்கிறார்கள் என்று எங்கள் பள்ளிக்கூட அதிபர் சொல்லியிருந்தார். ரயிலில் நான்கு மணித்தியாலம். நானே அம்மாவை அழைத்துப் போனேன். ஐந்தாறு தடவை கிளினிக்குக்கு அலைந்து, ஒரு வழியாக நாள் குறித்தார்கள். தொடையிடுக்கில் ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு, பழுதான நரம்பை அப்படியே உருவி எடுத்துவிட்டார்கள். அதைக் கேட்ட அம்மா, "கொடி புடுங்குற மாதிரியா?" என்று கேட்டுவிட்டு, வார்டில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் அதையே சொல்லிச் சிரித்தாள். தாதி மிஸ்ஸிமார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, "கொடி அம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. பிறகு வந்த எதற்கும் அவர்கள் காரணமில்லை. வாராவாரம் புண் சுருங்கியது. மூன்றாவது மாதம் ஒருநாள் காலையில், "அட, மூடிக்கிச்சு புள்ள!" என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். பதினொரு வருடப் புண் இருந்த இடத்தில் மெல்லிய, பளபளப்பான, இளஞ்சிவப்புத் தோல். அம்மா அதைத் தொடவும் பயந்து, விரலைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொண்டுபோய் எடுத்தாள். அழுதாள். நானும் அழுதேன். புண் கட்டச் சேர்த்து வைத்திருந்த பழந்துணிகளையெல்லாம் அன்றைக்கே வீட்டுக்குப் பின்னால் போட்டு எரித்தோம்.

கடைசியாகப் போன கிளினிக்கில் யாழ்ப்பாணத்து இளம் டொக்டர் ஒருவர் இருந்தார். தமிழ் பேச ஆள் கிடைத்ததில் அவருக்கும் சந்தோஷம். அம்மாவின் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"கால் நல்லா ஆறியிருக்கு, டீச்சர். ஆனா இது திரும்பி வரக்கூடிய வருத்தம். காலமை எழும்பி நிலத்திலை கால் வைக்க முதல் இந்த பண்டேஜை விரலடியிலையிருந்து முழங்கால் மட்டும் இறுக்கிக் கட்டோணும். அம்மாவை ஒவ்வொரு நாளும் நடக்க விடுங்கோ. நடக்கேக்கைதான் கெண்டைக்காலிலை இருக்கிற தசை ரத்தத்தை மேலை தள்ளும். களைச்சால் காலை உயர்த்தி வைச்சுக்கொண்டு படுக்கட்டும்."

மூன்று விஷயங்கள் சொன்னார். மூன்றும் எனக்கு நன்றாக விளங்கின. பண்டேஜை எடுத்துக்கொண்டேன். ஓய்வை எடுத்துக்கொண்டேன். நடப்பதை மட்டும் ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு வந்தேன். நாற்பது வருடமாக மலை ஏறி இறங்கிய பொம்பிளை, அவள் நடந்தது போதாதா? யாழ்ப்பாணத்து மகாராசாவுக்கு எங்கள் அம்மாவின் நடையைப் பற்றி என்ன தெரியும்? அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த சம்பளத்தில் தலவாக்கலையிலிருந்து ஒரு கதிரை வாங்கி வந்தேன். பிரம்பு பின்னிய, கை வைத்த, முதுகு உயர்ந்த கதிரை. அதை ஏன் வாங்கினேன் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும், மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். என் அம்மா ஆயுள் முழுக்க நின்றவள். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் நின்றாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றாள். ஆபீசில் கணக்கப்பிள்ளை முன்னால் நின்றாள், தோட்டத்துத் துரை வந்தால் இன்னும் ஒதுங்கி நின்றாள். புண்ணோடு மருந்துச் சன்னலில் நின்றாள். என்னை மேல்வகுப்பில் சேர்க்க வந்தபோது அதிபரின் அறையில் காலியாக இரண்டு கதிரைகள் இருந்தும் கதவோரம் நின்றாள். அவற்றில் உட்காரலாம் என்று யாரும் சொல்லவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. லயத்தில் நாங்கள் தரையில்தான் காலை நீட்டி உட்காருவோம். கதிரை என்பது மேலே இருக்கிறவர்களுடைய சாமான்.

ஆகவே என் அம்மா இனி நிற்கக்கூடாது. விறாந்தையில், போகிற வருகிற எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, கதிரையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அம்மா குள்ளம். உட்கார்ந்தால் பாதம் தரையைத் தொடவில்லை.

"கால் எட்டல புள்ள. தொங்குது."

"எட்டாட்டி என்னா? நீ என்னா மலையா ஏறப் போற?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது கதிரையில் உட்கார வைத்துவிட்டுப் போவேன். அடுப்பு வேலைக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தேன். பிற்பகல் வந்து பார்த்தால் அம்மா அதே கதிரையில் இருப்பாள். சக ஆசிரியர்கள் பாதையால் போகும்போது, "என்ன அம்மா, நல்லா ராணி மாதிரி இருக்கிறீங்க!" என்பார்கள். எனக்குப் பெருமை பிடிபடாது. பாதையில் போகும் லயத்துப் பெண்கள் கூடையோடு நின்று அவளை அண்ணாந்து பார்ப்பார்கள். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லக்கூடாது, அதுதான் அதிகம் பிடித்திருந்தது.

அம்மாவுக்கு நடக்க ஆசை இருந்தது. எதிர் மலையில் பெண்கள் வரிசையாகக் கொழுந்து எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"லயத்துக்கு ஒரு எட்டு போய்ட்டு வாறேனே. ஒன்னரக் கட்ட தூரந்தானே."

"தேவையில்ல. அவங்களுக்குப் பாக்கணும்னா இங்க வரட்டும்."

"ஒக்காந்தே இருந்தா ஒடம்பு என்னமோ மாதிரி இருக்குடி."

"நாப்பது வருசம் ஓடின ஒடம்பு. கொஞ்சம் சும்மா இருந்தா ஒன்னும் ஆகாது."

ஒருநாள் பாதி நாளிலேயே பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தி கொத்திக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, முகத்தில் நான் மாதக்கணக்காகப் பார்த்திராத ஒரு தெளிவு. மண்வெட்டியைப் பிடுங்கி எறிந்தேன். ஊர் என்ன சொல்லும், டீச்சர் அம்மாவை வேலை வாங்குகிறாள் என்று சொல்லாதா என்று கத்தினேன். அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து கதிரையில் ஏறி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு பாத்திப் பக்கம் போகவில்லை.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. அந்தியில் கால் கனக்கிறது என்பாள். செருப்பு நுழையாது. பண்டேஜை அவிழ்த்தால் அதன் ஓரம் பதிந்த இடத்தில் பள்ளம் தெரியும். "நல்லா இறுக்கிக் கட்டு" என்பேன், கட்டுரைக் கொப்பி திருத்திக்கொண்டே.

ஒரு மழைக்காலத்தில், பக்கத்து வீட்டு டீச்சர் தேநீர் குடிக்க வந்திருந்த நேரம், அம்மாவின் பண்டேஜில் கணுப்பக்கம் ஒரு ஈரப்புள்ளி கண்ணில் பட்டது. அவிழ்த்துப் பார்த்தேன். அந்த இளஞ்சிவப்புத் தோல் வெடித்து, பழைய இடத்திலேயே புண் திறந்திருந்தது.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. விருந்தாளி இருக்கிறாள் என்றும் பார்க்கவில்லை.

"ஒரு துணிய ஒழுங்கா சுத்தத் தெரியாதா ஒனக்கு? அந்த ஒரு வேலையத்தானே ஒங்கிட்ட குடுத்தேன்! ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சது எல்லாம் போச்சு!"

அம்மா காலைப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டு டீச்சரைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

"ஆமா புள்ள. நாந்தான் சரியாக் கட்டல போல."

மறுவாரம் கிளினிக்குக்குப் போனோம். இந்த முறை வயதான ஒரு சிங்கள டொக்டரம்மா. அவர் சிங்களத்தில் கேட்க, நான் சிங்களத்தில் பதில் சொன்னேன். நாங்கள் பேசியதெல்லாம் பக்கத்தில் இருந்த அம்மாவுக்கும் விளங்கியது. சந்தைக்குப் போய்ப் பழகிய சிங்களம் அவளுடையது, என்னுடையதை விடச் சரளம்.

டொக்டரம்மா தானே குனிந்து பண்டேஜை அவிழ்த்தார். அவிழ்க்கும் முன் அதன் சுற்றுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். யார் கட்டியது என்று கேட்டார். நான்தான் என்று அம்மா தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினாள். மிக நன்றாகக் கட்டியிருக்கிறது, எங்கள் மிஸ்ஸிமார்கூட இப்படிக் கட்டமாட்டார்கள் என்றார் டொக்டரம்மா. பிறகு முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அழுத்தினார். விழுந்த குழி அப்படியே நின்றது.

"அம்மா நாள் முழுக்க என்ன செய்கிறார்?"

"ஒன்றும் செய்ய விடுவதில்லை, டொக்டர்" என்றேன். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவளைப் போலச் சொன்னேன். "வேலைக்கு அனுப்புவதில்லை, எங்கும் நடக்க விடுவதில்லை. காலையிலிருந்து பொழுதுபடும் வரைக்கும் கதிரையிலேயே வைத்திருக்கிறேன்."

டொக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்தார். கால் தரையில் இருக்குமா, தொங்குமா என்று கேட்டார். தொங்கும் என்றேன். சொல்லும்போதே என் குரல் இறங்கியது எனக்கே கேட்டது.

அவர் கோபிக்கவில்லை. நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டால் இரத்தம் கீழேயே தேங்கிவிடும், எவ்வளவு நல்ல ஆபரேஷன் என்றாலும், எவ்வளவு நல்ல பண்டேஜ் என்றாலும் அதைத் தாங்காது என்று பொறுமையாக விளக்கினார். நடக்க விட்டிருக்க வேண்டும் என்றார். நிறையப் பிள்ளைகள் அன்பினால் இப்படிச் செய்துவிடுகிறார்கள் என்றும் சொன்னார். படம் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே ஆழத்தில் இருக்கும் நரம்புகளும் கெட்டுவிட்டன, இனி இன்னோர் ஆபரேஷனால் பெரிய பயன் இராது, புண்ணைச் சுருக்கி வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாகச் சொன்னார்கள்.

திரும்பும் ரயிலில் அம்மா சன்னலோரம், நான் பக்கத்தில். நான்கு மணித்தியாலம் இருந்தது. 'அம்மா, உன் மேல் பிழையில்லை. நீ நன்றாகத்தான் கட்டினாய். நான்தான் கெடுத்தேன்.' இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள் நான், பாடசாலையில் அதிபரே என்னிடம் பேச யோசிப்பார். வட்டவளையில் மூடுபனிக்காக ரயில் கால் மணித்தியாலம் நின்றது. அப்போதும் என் வாய் திறக்கவில்லை. அம்மாதான் பேசினாள்.

"பசிக்குதா? ரொட்டி இருக்கு."

வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கதிரையை உள்ளே தூக்கிப் போட்டு, அதன் மேல் கொப்பிகளை அடுக்கினேன். "நாளையிலிருந்து நட" என்றேன், அதையும் ஒரு கட்டளையாகத்தான் சொன்னேன். அம்மா எங்கே போக என்று கேட்டாள். எங்கேயாவது போ என்றேன்.

அவள் லயத்துக்குத்தான் போனாள். தினமும் பிற்பகலில் ஒன்றரை மைல் கட்டை போய், ஒன்றரைக் கட்டை வந்தாள். ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். அம்மாவோடு ஒரே நிரையில் பல வருடம் கொழுந்து எடுத்த அக்கா ஒருத்தி பண்டேஜைப் பார்த்துவிட்டு, ஆறின புண் எப்படித் திரும்பி வந்தது என்று கேட்டாள். கிளினிக்கில் எல்லாவற்றையும் தன் காதால் கேட்டிருந்த அம்மா சொன்னாள்:

"எல்லாம் எங் கையாலதான். பண்டேஜ ஒழுங்காக் கட்டல நானு. எம் மக மேல ஒரு கொறையும் சொல்ல ஏலாது. கதிரயில ஒக்கார வச்சி சோறு போட்டுச்சு. நம்ம லயத்துல எவளுக்குக் கெடச்சிச்சு அது?"

அந்த அக்கா என் பக்கம் திரும்பி, "நீ நல்லா இருப்ப" என்றாள். இல்லை அக்கா, பிழை என்னுடையது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். லயத்து வாசல் இஸ்தோப்பில் காயப்போட்டிருந்த விறகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு பண்டேஜை நானே கட்டத் தொடங்கினேன். பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டேன். கூடைக் கயிறு கட்டிப் பழகிய கை அவளுடையது. நான் பள்ளிக்கூடம் போனதும் நான் கட்டியதை அவிழ்த்து, திரும்ப ஒழுங்காகக் கட்டிக்கொள்வாள் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஒருநாள் மருந்து வைத்துக்கொண்டிருக்கும்போது துணிந்து தொடங்கினேன்.

"அம்மா, அந்தக் கதிர வாங்கினது..."

"அத யாருக்கும் குடுத்துறாத புள்ள" என்று அவள் குறுக்கே சொன்னாள். "யாராச்சும் வந்தா ஒக்காரணும்ல." பிறகு உடனே அண்ணன் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். நானும் அண்ணன் பிள்ளைகளைப் பற்றிப் பேசினேன். அவள் வேண்டுமென்றே என்னைத் தடுத்தாளா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தடுத்தாள் என்றால் நான் தள்ளிக்கொண்டு சொல்லியிருக்கலாம். மண்வெட்டியைப் பிடுங்கத் தெரிந்தவளுக்கு அது தெரியாதா?

புண் சில மாதங்களில் நகத்தளவுக்குச் சுருங்கும், சில மாதங்களில் விரியும். முழுதாக மூடியதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் அப்படியே நடந்து திரிந்தாள். கடைசியில் கால் அவளைக் கொல்லவில்லை. ஒரு மார்கழியில் மார்ச்சளி பிடித்து, ஆறே நாளில் போய்விட்டாள்.

லயத்திலிருந்து பெண்கள் எல்லோரும் வந்தார்கள். குளிப்பாட்டுவதற்காக அந்த அக்காதான் பண்டேஜை அவிழ்த்தாள். புண்ணைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பொங்கியது.

"பாவி மக, இதக் கொஞ்சம் ஒழுங்காக் கட்டியிருந்தா ஆறியிருக்குமே. நீயும் எத்தன வாட்டி படிச்சிப் படிச்சிச் சொல்லியிருப்ப, தாயி."

வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அழுதுகொண்டே, ஆமாம் என்று தலையாட்டினேன்.